உலகம் அனுப்பிய உதவி நம் தெருமுனையில் ஏன் நின்றது?

2020 ஏப்ரலில், முதல் பொதுமுடக்கத்தின் மூன்றாம் வாரத்தில், பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை செல்லும் வழியிலுள்ள சில அருந்ததியர் குடியிருப்புகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு அடங்கிய பைகளை நாங்கள் கொண்டுசென்றோம். பணம் ஐரோப்பிய நாடொன்றின் நன்கொடையாளர்களுடையது. அது சென்னையிலுள்ள பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு வந்தது. அங்கிருந்து எங்கள் பகுதியில் இயங்கும் சிறிய தலித் அமைப்பின் கணக்குக்கு மாற்றப்பட்டது. பைகள் வீடுகளைச் சேரப் பத்து நாட்கள்கூட ஆகவில்லை.

2021 மே மாதம் இரண்டாம் அலை வந்தது. மாத இறுதியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே கடந்தது. அதே நன்கொடையாளர்கள், அதே சென்னை நிறுவனம், அதே சிறிய அமைப்பு. பணமும் ஆயத்தமாக இருந்தது. ஆனால் இம்முறை ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை. தங்கள் ஊழியர்களையே அனுப்பி நேரடியாக வழங்குவதாகச் சென்னையிலிருந்து சொன்னார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இணையப் பதிவு வேண்டியிருந்த காலம் அது. அவர்கள் வந்தபோது ஜூன் மூன்றாம் வாரம். அதற்குள், நோய்த்தனிமையில் வைக்கப்பட்ட ஒரு தூய்மைப் பணியாளரின் குடும்பம் பதினான்கு நாட்களையும் பக்கத்து வீட்டார் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போன கஞ்சியில் கழித்திருந்தது.

இடைப்பட்ட ஓராண்டில் நன்கொடையாளரின் மனம் மாறவில்லை. சட்டம் மாறியிருந்தது. அந்த மாற்றம் என்ன, அது பெருந்தொற்றுக்கால உலக ஒத்துழைப்பு என்னும் பெரிய ஏற்பாட்டில் எந்த இடத்தில் பொருந்துகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டு உதவி இந்தியாவுக்குள் மூன்று வழிகளில் வந்தது: பன்னாட்டு வங்கிகளின் கடன், அரசுகள் அரசுகளுக்கு அனுப்பிய பொருள், தனியார் நன்கொடை. மூன்றையும் செய்தித்தாள்கள் 'உதவி' என்ற ஒரே சொல்லால் குறித்தன. இந்தக் குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் வழி கடன். உலக வங்கி 2020 ஏப்ரல் 2ஆம் நாள், இந்தியாவின் கொரோனா அவசரகால நடவடிக்கைகளுக்காக 100 கோடி டாலருக்கு ஒப்புதல் அளித்தது. ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி அதனுடன் 50 கோடி டாலரைச் சேர்த்தது. அதே ஏப்ரல் இறுதியில் ஆசிய வளர்ச்சி வங்கி 150 கோடி டாலரும், மே மாதத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கென உலக வங்கி மேலும் 100 கோடி டாலரும் வழங்க ஒப்புக்கொண்டன. இவை திருப்பிச் செலுத்த வேண்டிய தொகைகள். நம் தெருவில் தீப்பெட்டி வாங்குபவரும் தம் மறைமுக வரியால் இவற்றைத் திருப்பிச் செலுத்துகிறார். ஆகவே இந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது. கடன்காரர் தம் கடனைப் பற்றிக் கேட்கும் கேள்வி அது.

இந்தக் கடன்களால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டோம். சமூகப் பாதுகாப்புக் கடனின் நோக்கங்களுள் ஒன்று, குடும்ப அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தும் வசதியை விரைவுபடுத்துவது. தமிழ்நாடு அத்திட்டத்தில் 2020 அக்டோபர் 1 முதல் இணைந்தது. பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத் தென்னைநார் ஆலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களுக்கு, சட்டப்படியேனும், உள்ளூர் நியாயவிலைக் கடையில் அரிசி கேட்கும் உரிமை அதனால் பிறந்தது. அவர்களுள் கணிசமானோர் தலித்துகள், பழங்குடியினர். முதல் முடக்கத்தின்போது ஆலைக் கொட்டகைகளில் அடைபட்டுக் கிடந்த அவர்களைப் பார்த்த எங்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கடைக்காரர் கைரேகைக் கருவியைக் காட்டி, "உங்க பேரு வரல" என்று திருப்பி அனுப்புவது வேறு கதை.

கடன் வழியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. மாநிலத்துக்கு, மாவட்டத்துக்கு, மருத்துவமனைக்கு எவ்வளவு சென்றது என்று கணக்கு உண்டு. ஊருக்கும் காலனிக்கும் எவ்வாறு பிரிந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. அன்றாடம் வெளியான கொரோனா அறிக்கைகள் வயதையும் பாலினத்தையும் மாவட்டத்தையும் சொல்லின. சாதியைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு மக்களுள் ஐவரில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறுகிறது. இறந்தவருள் அவர்கள் எத்தனை பேர், படுக்கை கிடைக்காதவருள் எத்தனை பேர் என்று கேட்டால் விடையளிக்க எந்தப் பதிவேடும் இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் பாகுபாடு நடக்கவில்லை என்று வாதிடுவது எளிது. நீதிமன்றத்தில் அந்த வாதத்தை நாங்கள் பலமுறை எதிர்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் வழி பொருள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்திய அரசு பிற நாட்டு அரசுகளின் பேரிடர் உதவியை ஏற்பதில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்திருந்தது. 2018 கேரள வெள்ளத்தின்போதும் அதையே கடைப்பிடித்தது. 2021 ஏப்ரல் இறுதியில், ஆக்ஸிஜன் இன்றி மக்கள் மருத்துவமனை வாசல்களில் மாண்டுகொண்டிருந்தபோது அந்த நிலைப்பாடு தளர்ந்தது. பல நாடுகளிலிருந்து ஆக்ஸிஜன் செறிவூட்டிகளும் உருளைகளும் மருந்துகளும் தில்லியில் வந்திறங்கின. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் அவற்றைப் பெற்றுக்கொண்டது. பகிர்ந்தளிக்கும் பணியை எச்.எல்.எல். லைஃப்கேர் என்னும் பொதுத்துறை நிறுவனம் செய்தது. பொருள்கள் மாநிலங்களுக்குப் போய்ச் சேர்வதில் தாமதம் என்ற புகார் அப்போதே எழுந்தது. அவை பெரிய மருத்துவமனைகளுக்கே சென்றன. அப்படித்தான் செல்லவும் முடியும். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலோ ஆனைமலைக் காடர் குடியிருப்பிலோ மூச்சுத் திணறியவர் அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்வது எப்படி என்ற கேள்விக்கு அந்த வழியில் விடை இல்லை.

மூன்றாம் வழியே நம்மைப் பொறுத்தவரை முதன்மையானது. தனியார் நன்கொடைதான் காலனியின் பெயரைச் சொல்லி வரக்கூடிய ஒரே பணம். அந்த வழியைத்தான் பெருந்தொற்றின் நடுவே சட்டம் குறுக்கியது.

வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) திருத்தச் சட்ட முன்வடிவு 2020 செப்டம்பர் 20ஆம் நாள் மக்களவையில் அறிமுகமாயிற்று. மறுநாளே மக்களவையிலும், 23ஆம் நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 29ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்தே நாட்கள். எந்த நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கும் அது அனுப்பப்படவில்லை. நாட்டில் நாள்தோறும் ஏறத்தாழ 90,000 பேருக்குத் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்த மாதம் அது.

மாற்றங்களுள் நான்கை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, பிரிவு 7. முன்னர், பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையைப் பதிவு பெற்ற மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தரலாம். பதிவு பெறாத அமைப்புக்கும் மைய அரசின் முன் அனுமதியுடன் ஒரு பகுதியைத் தரலாம். திருத்தத்துக்குப் பின் எவருக்கும் மாற்றக் கூடாது. இருதரப்பும் பதிவு பெற்றிருந்தாலும் கூடாது. 'நன்கொடை' என்பதன் வரையறையில் பணத்தோடு பொருளும் அடங்குவதால், வெளிநாட்டிலிருந்து வந்த செறிவூட்டி ஒன்றைச் சென்னை அமைப்பு பொள்ளாச்சி அமைப்புக்குக் கைமாற்றுவதும் இத்தடைக்கு உட்பட்டது.

இரண்டாவது, ஒவ்வோர் அமைப்பும் தில்லி நாடாளுமன்ற வீதியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்கி, அதன் வழியாக மட்டுமே வெளிநாட்டுப் பணத்தைப் பெற வேண்டும். இதற்கான காலக்கெடு 2021 மார்ச் 31. பின்னர் ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் அலையின் உச்சத்தில் கணக்குத் திறக்கும் கடிதங்களுக்காகக் காத்திருந்த அமைப்புகளின் எண்ணிக்கை சிறிதன்று. மூன்றாவது, பொறுப்பாளர்களின் ஆதார் எண் கட்டாயமாயிற்று.

நான்காவது மாற்றம், பார்ப்பதற்கு மிகச் சாதுவானது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஏழைக்குப் போகும் பணம் அலுவலகத்தில் கரையக் கூடாது என்பதில் யாருக்குத்தான் மறுப்பு இருக்கும்? ஆனால் 'நிர்வாகச் செலவு' என்பதில் எவை அடங்கும் என்று 2011ஆம் ஆண்டு விதிகளின் 5ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வாடகை, கணக்கெழுதும் செலவு ஆகியவற்றோடு வாகனம் ஓட்டும் செலவும் சட்டத் தொழில்முறைக் கட்டணங்களும் அதில் உள்ளன. பள்ளி நடத்தும் அமைப்பின் ஆசிரியர் ஊதியமும் மருத்துவமனை நடத்தும் அமைப்பின் மருத்துவர் ஊதியமும் அதில் சேரா. வன்கொடுமை வழக்கு நடத்தும் அமைப்பு வழக்கறிஞருக்குத் தரும் கட்டணமோ நிர்வாகச் செலவு! காட்டோரக் குடியிருப்புகளுக்கு அரிசி மூட்டையை ஏற்றிச் சென்ற வண்டியின் டீசலும் அவ்வாறே. தொண்டு செய்பவருக்கு இவ்விதி பெரிய இடையூறில்லை. உரிமை கேட்பவரின் கையைத்தான் கட்டுகிறது.

சிறிய அமைப்புகள் தாமே பதிவு செய்துகொண்டு நேரடியாக வெளிநாட்டு நன்கொடை பெறலாமே என்பர். 2020 நவம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, பதிவு கோரும் அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். கடைசி மூன்று நிதியாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 இலட்சம் ரூபாயேனும் செலவிட்டிருக்க வேண்டும். தோட்டக் கூலிகளின் மக்கள் தொடங்கிய அமைப்பு எங்கிருந்து அந்தப் பதினைந்து இலட்சத்தைக் காட்டும்? அப்படியே பதிவு பெற்றாலும், ஆங்கிலத்தில் திட்ட முன்மொழிவு எழுதி ஜெர்மனிக்கோ நார்வேக்கோ அனுப்ப ஆள் வேண்டும். பெரிய அமைப்பு இடைநின்றது இதற்காகத்தான்.

இத்திருத்தங்களை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8ஆம் நாள் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், தினேஷ் மகேஸ்வரி, சி.டி. ரவிக்குமார் அடங்கிய அமர்வு திருத்தங்களைச் செல்லும் என அறிவித்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது தனியுரிமையாகக் கோரத்தக்கதன்று என்றும், அளவோடிருந்தால் மருந்து, அளவு மீறினால் கேடு என்னும் பொருள்படவும் நீதிமன்றம் கூறியது. ஆதார் விதியில் மட்டும், இந்தியப் பொறுப்பாளர்கள் கடவுச்சீட்டைக் காட்டினாலும் போதும் எனச் சிறு தளர்வு கிடைத்தது.

அரசின் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொன்னால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். பணம் கைமாறக் கைமாறக் கரைகிறது என்பது நாமே கண்டது. பெரிய அமைப்புகள் நம்மைக் 'களக் கூட்டாளி' என்று எழுதிக்கொண்டு, நம் குழந்தைகளின் படங்களை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டுக்கொண்டு, நமக்கு எஞ்சியதைத் தந்த கதைகளைப் பக்கம் பக்கமாக எழுதலாம். அவற்றின் தலைமையில் நம்மவர் எத்தனை பேர் என்ற கேள்வியும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு, கடைசிக் கைக்குப் பணம் எவ்வளவு போனது என்று கணக்குக் கேட்பது. கடைசிக் கையையே வெட்டிவிட்டால் பணம் முழுவதும் பெரிய கையிலேயே தங்கும். இன்று நடந்திருப்பது அதுதான்.

இதே காலத்தில், 2020 மார்ச்சில் தொடங்கப்பட்ட பி.எம். கேர்ஸ் நிதியத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. அது வெளிநாட்டுப் பணம் பெறலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அது பொது அதிகார அமைப்பு இல்லை என்றும் பிரதமர் அலுவலகம் கூறிவிட்டது. கணக்குக் கேட்பதே சட்டத்தின் நோக்கம் எனில், யாரிடம் கேட்கப்படுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்கட்டும்.

தடுப்பூசி விவகாரத்தில் இதே இரட்டைத்தன்மை உலக அளவில் வெளிப்பட்டது. 2020 அக்டோபர் 2ஆம் நாள் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வணிக அமைப்பில் ஒரு கோரிக்கை வைத்தன: பெருந்தொற்று முடியும்வரை தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகள் மீதான காப்புரிமை உள்ளிட்ட அறிவுசார் சொத்துரிமைகளை நிறுத்திவைக்க வேண்டும். மிக நியாயமான கோரிக்கை. பணக்கார நாடுகள் இழுத்தடித்தன. 2022 ஜூன் 17ஆம் நாள் ஜெனிவாவில் கிடைத்தது ஒரு குறுகிய முடிவு. தடுப்பூசிக்கு மட்டும், காப்புரிமைக்கு மட்டும். மருந்துகளும் பரிசோதனைகளும் அதில் இல்லை. அதற்குள் பிணங்கள் எரிந்து முடிந்திருந்தன.

வெளியே சமத்துவம் பேசிய அதே அரசு உள்நாட்டில் என்ன செய்தது? 2021 மே 1 முதல் 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் சந்தையில் வாங்கிக்கொள்ளுமாறு விட்டது. இணையத்தில் பதிவு செய்தால்தான் ஊசி. திறன்பேசி இல்லாத கூலித் தொழிலாளி என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றம் மே 31ஆம் நாள் ஆணையில் கடுமையாகக் கேட்டபின், ஜூன் 21 முதல் கொள்கை மாறியது.

நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. பொள்ளாச்சியிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் எட்டக்கூடிய குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான தடுப்பூசிக் கூடம். 2008 ஜனவரியில் அதன் உற்பத்தி உரிமமும், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி நிறுவனம் ஆகியவற்றின் உரிமங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. 2010இல் தடை விலக்கப்பட்டது. செங்கல்பட்டில் நூறு ஏக்கரில், ஏறத்தாழ 600 கோடி ரூபாயில் எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகமோ ஓர் ஊசியும் தயாரிக்காமல் பெருந்தொற்று முழுவதும் பூட்டிக் கிடந்தது. 2021 மே 25ஆம் நாள் முதலமைச்சர் நேரில் சென்று பார்த்தார். மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தருமாறு மைய அரசைக் கேட்டார். அந்த வளாகம், வெளிநாட்டு ஆக்ஸிஜன் கருவிகளைப் பகிர்ந்தளித்த அதே எச்.எல்.எல். குழுமத்தைச் சேர்ந்தது. பிறரிடம் தடுப்பூசி உரிமை கேட்கும் நாடு, தன் பொதுத்துறை ஆலைகளை இவ்வாறு வைத்திருந்தது.

இனி, இவ்வாறான உலக ஏற்பாடுகளில் சாதி என்னும் சொல் எங்கே இருக்கிறது? பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் இணைந்தது. நலவாழ்வுரிமையைப் பன்னாட்டு ஒத்துழைப்பின் வழியாகவும் நிறைவேற்றுவது அதன்படி கடமை. ஆனால் 2015இல் ஐ.நா. ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் வயது, பாலினம், இனம், சமயம் எல்லாம் உண்டு, சாதி இல்லை. 2001 டர்பன் மாநாட்டில் சாதியைச் சேர்க்க விடாமல் இந்திய அரசு தடுத்தது. 2002இல் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, 'வம்சாவளி' என்பதில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை 29இல் தெளிவுபடுத்தியும் இந்தியா அதை ஏற்கவில்லை. பன்னாட்டுத் தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டு விண்ணப்பித்து, இந்தியப் பிரதிநிதிகளின் முடிவில்லாக் கேள்விகளால் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து, 2022 டிசம்பரில்தான் அதைப் பெற்றது. பெருந்தொற்றின் மூன்றாண்டுகளும் அந்தக் காத்திருப்பில் அடங்கும். உலகம் நம் பசியைப் பேசிய மேசையில் நமக்கு நாற்காலி இல்லாமற்போனது தற்செயலாக அன்று.

உலகம் பார்க்கத் தவறுவதற்கு உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்று சொல்லலாம். கொங்குப் பகுதியின் இரட்டைக் குவளை வழக்கத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பெருந்தொற்றில் எல்லோருக்கும் காகிதக் குவளை வந்தது. இரண்டு ஆண்டுகள் யாரும் வேறுபாடு காண முடியவில்லை. தொற்று அடங்கியபின் சில கடைகளில் கண்ணாடிக் குவளை திரும்பியது, ஒரு பிரிவினருக்கு மட்டும். மற்றவருக்குக் காகிதமே தொடர்கிறது. தூய்மைக்காக என்கிறார் கடைக்காரர். எந்த உலக நிறுவனத்தின் கண்காணிப்பு அறிக்கையில் இது ஏறும்?

உலக ஏற்பாடே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2025 மே 20ஆம் நாள் உலகச் சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றது. அடுத்த தொற்றின்போது, பங்கேற்கும் உற்பத்தியாளர்கள் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவதை அது இலக்காகக் கொள்கிறது. அதில் பாதியேனும் நன்கொடையாக. அமெரிக்காவோ அதே ஆண்டு ஜனவரியில் அந்நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஜூலையில் தன் வெளிநாட்டு உதவி முகமையையே மூடியது. வெளிப்பணம் சுருங்கும் காலத்தில், வரும் கொஞ்சமும் எந்த வாய்க்காலில் ஓடும் என்பது முன்னிலும் பெரிய கேள்வி.

எங்கள் பகுதியில் நாங்கள் இப்போது செய்வது மூன்று. கிராம சபையில், தீர்மானப் புத்தகத்தில் பதியும்படி, துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்த நிதி எவ்வளவு, காலனியில் நடந்த முகாம்கள் எத்தனை என்று கேட்கிறோம். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைக் காட்டி, சுகாதாரத் துறையின் ஒதுக்கீட்டில் நம் பங்கு எங்கே செலவாயிற்று என்று தகவல் கேட்கிறோம். இரு நடைமுறைகளிலும் பெரும்பாலும் மழுப்பல்தான் விடையாக வருகிறது; ஆனால் மழுப்பலும் எழுத்தில் வந்தால் ஆவணம்.

மூன்றாவதைச் சட்டக் கல்லூரி மாணவர்களே எடுத்துச் செய்யலாம். தமிழ்நாட்டின் மருத்துவச் சீர்திருத்தத் திட்டத்துக்கு உலக வங்கி 2019இல் 28.7 கோடி டாலர் கடன் அளிக்க ஒப்புக்கொண்டது. உலக வங்கிப் பணத்தில் நடக்கும் திட்டத்தில் வங்கியின் விதிகள் மீறப்பட்டுத் தீங்கு நேர்ந்தால், பாதிக்கப்பட்டோர் அதன் ஆய்வுக் குழுவிடம் முறையிடலாம். நர்மதை அணைக்கு எதிரான போராட்டம் உலகெங்கும் எழுப்பிய கேள்விகளின் விளைவாகவே 1993இல் அக்குழு பிறந்தது. குறைந்தது இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பெயர்களை வெளியிடாமல் காக்குமாறு கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.